பல் ஆஸ்பத்திரி மாமாவும் பாலத்து வீரனும்

என் மாமா பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார் என்று சொன்னால் எல்லோரும் டாக்டரா என்று கேட்பார்கள். இல்லை. கம்பவுண்டரா? அதுவும் இல்லை. உள்ளே நுழைந்ததும் ஒரு மேஜை இருக்குமே, அதற்குப் பின்னால் உட்கார்ந்து, "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்கிறவர். ஒன்பது வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆள் ஆறடி இரண்டு அங்குலம். அவர் உட்கார்ந்தால் அந்த மேஜை ஒன்றாம் வகுப்பு பெஞ்சு மாதிரி ஆகிவிடும். குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல், பக்கத்து அறையில் யாரோ கைக்குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி வரும்.

முதல் தடவை வரும் பிள்ளைகள் டாக்டரம்மாவைப் பார்த்து அழாது. அவர் சின்ன உருவம், கண்ணாடி, ஏறக்குறைய என் உயரம். மாமாவைப் பார்த்துத்தான் அலறும். பல்லைப் பிடுங்கப் போகிறவர் இவர்தான், இடுக்கி மேஜைக்கு அடியில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடும். அப்படி அலறிய ஒரு பையனை அடக்குவதற்காகத்தான் மாமா முதன்முதலில் கதை சொன்னார். நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு தடிப் புத்தகத்தை அவர் எப்போதோ தூக்கி வந்திருந்தார். எழுநூறு, எண்ணூறு வருடத்துக்கு முந்தைய கட்டுக்கதைகள். கோட்டை, அகழி, தலையிலிருந்து கால்வரை இரும்புச் சட்டை போட்ட குதிரை வீரர்கள். அதிலிருந்து ஒருவனை எடுத்துவிட்டார். பையன் அழுகையை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"இரும்புச் சட்டையோட எப்படி ஒண்ணுக்குப் போவாரு?"

மாமாவுக்குப் பதில் தெரியவில்லை. தடிப் புத்தகத்துக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில்கூட அதையே யோசித்துக்கொண்டிருந்தார். மாமா எழுதிய புத்தகத்தின் மூன்றாவது அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

ஆமாம், புத்தகம். சிறுவர் நாவல். பாலத்து வீரன் கதை.

தடிப் புத்தகத்தில் அது இரண்டே பக்கம். போருக்குப் புறப்படும் அரசன், தன் வீரர்களில் ஒருவனை ஆற்றுப் பாலத்தில் நிறுத்தி, "நான் திரும்பி வரும்வரை ஒருவரையும் கடக்க விடாதே" என்று சொல்லிவிட்டுப் போகிறான். போனவன் போனவன்தான். வீரன் முப்பது வருடம் நின்று, கடைசியில் அப்படியே கல்லாகிப் போகிறான். முற்றும். இந்த இரண்டு பக்கத்தை மாமா ஐந்து வருடமாகப் பத்து அத்தியாயமாக ஊதிக்கொண்டிருந்தார். இரும்புச் சட்டைக்குள் எறும்பு புகுந்தது, ஆட்டுக்காரன் தினமும் புதுப் புதுப் பொய்யோடு வந்து கடக்கப் பார்த்தது, மழையில் முழங்கால் துருப்பிடித்தது என்று எல்லாம் சேர்ந்துவிட்டது.

அவர் எழுதும் முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வில்லங்கமே அதில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி ஒரு காலத்தில் முதல் மாடியில் இருந்தது. கீழே இறங்கி வந்த பிறகு, "முதல் மாடி" என்று அச்சடித்த பழைய அட்டைகள் கட்டுக்கட்டாக மிஞ்சிவிட்டன. அடுத்த தடவை எப்போது வர வேண்டும் என்று தேதி எழுதிக் கொடுப்பார்களே, அந்த அட்டை. மாமா அதன் பின்பக்கத்தில்தான் எழுதுவார். ஓர் அட்டைக்கு ஒரு காட்சி. காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டுவார். கன்னத்தில் வைத்த கை எந்த வரியில் கீழே இறங்குகிறதோ அந்த வரிக்கு ஒரு டிக். கை மறுபடியும் கன்னத்துக்குப் போனால் அந்த வரியை அடித்துவிடுவார். ஓர் அத்தியாயம் முழுக்க டிக் வாங்கிய பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவார். அதுவரைக்கும் அந்த அட்டைகளைத் தவிர வேறு பிரதி கிடையாது.

என் அம்மா அவருக்கு அக்கா. நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அம்மா துணி மடித்துக்கொண்டே சொல்வாள்: "டேய், ஊர்ல அவனவன் பிள்ளையைப் பெத்துட்டு அதுக்குக் கதை தேடுறான். நீ கதையைப் பெத்துட்டு பிள்ளையைத் தேடிக்கிட்டு அலையிறே."

"தேட வேண்டியதில்லக்கா. பல்வலியோட தானா வருதுங்க."

நான்கு பதிப்பகங்கள் மாமாவை மரியாதையாகத் திருப்பி அனுப்பின. ஐந்தாவதில் ஓர் எடிட்டர் மேடம் இருந்தார். பேச்சு தந்தி மாதிரி. "ஒன்பது அத்தியாயம் நல்லா இருக்கு. பத்தாவது செத்துக் கிடக்கு. கல்லாப் போனான்னு முடிச்சா எந்தப் பிள்ளை சார் ரெண்டாவது தடவை படிக்கும்? வேற முடிவோட வாங்க. கடைசித் தேதி அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை, பத்து மணி. இல்லேன்னா உங்க இடத்துல பேசுற காய்கறிகள் பத்தின புத்தகம் போயிடும்."

பேசுகிற காய்கறிகளிடம் தோற்பதை மாமாவால் தாங்கிக்கொள்ள முடியாது. பத்தாவது அத்தியாயத்தைப் பதினேழு விதமாக எழுதினார். பதினெட்டாவது விதம் பன்னிரண்டு அட்டையில் டிக் வாங்கியது. கெடுவுக்கு முந்தின புதன்கிழமை மாலை அந்தக் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டு டிராயரில் வைத்தார். சனி, ஞாயிறில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று திட்டம்.

அதே புதன்கிழமை மாலை டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "நாளைக்குக் கூட்டம் கம்மி. நம்ம ஸ்டாஃப் பல்லை எல்லாம் பார்த்துடலாம்" என்றார். ஸ்டாஃப் என்றால் நர்ஸும் மாமாவும். ஒன்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான பேரை அந்த நாற்காலிக்கு அனுப்பிவைத்த மாமா, தான் ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்ததில்லை. வியாழக்கிழமை காலை அவருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. வயிற்றுவலியோடு தோசைக்கல் அளவில் மூன்று ரொட்டி சாப்பிட்டுவிட்டு வீட்டிலேயே கிடந்தார். நான் போய்ப் போர்வையைத் தூக்கிப் பார்த்து, "மாமா, வயிறு கொஞ்சம் மேல ஏறி வாய்ப்பக்கம் வந்துடுச்சு போல" என்றேன். தலையணை பறந்து வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்கு வீட்டுக்கு போன் வந்தது. "நீ கொஞ்சம் இங்க வா" என்றார் மாமா. அவ்வளவுதான். பள்ளிக்கூடமும் நானும் பத்தாவதோடு ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம், அதனால் பகல் வேளைகளில் நான் எங்கே வேண்டுமானாலும் போகலாம். போனேன். மாமா டிராயரை முழுசாக வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிராயரில் ரப்பர் பேண்ட் மட்டும் இருந்தது.

டாக்டரம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன காணோம்?"

"இதுல ஒரு கட்டு அட்டை இருந்துச்சும்மா."

"ஓ, அதுவா? நேத்து நீங்க வரலை. புது அட்டை எங்க இருக்குன்னு தெரியலை. அதுலதான் தேதி எழுதிக் குடுத்தேன். முதல் மாடின்னு இருந்ததை மறக்காம அடிச்சிட்டேன்."

"பின்னாடி பார்த்தீங்களா?"

"பின்னாடி என்ன இருக்கு?"

டாக்டரம்மா ஒவ்வொரு பல்லையும் குட்டிக் கண்ணாடி வைத்துப் பின்பக்கம் வரைக்கும் பார்ப்பார். அட்டையைத் திருப்பிப் பார்க்க மாட்டார். விஷயம் தெரிந்ததும் பாவம், முகம் வெளுத்துவிட்டது. "பன்னிரண்டு பேரா? ஐயோ. நான் வேணும்னா... ஒரு வருஷத்துக்கு உங்க பல்லைப் பத்திப் பேச மாட்டேன்" என்றார். அந்தத் துக்கத்திலும் மாமா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதை நான் பார்த்தேன்.

"ஞாபகத்துல இருந்து எழுதிட வேண்டியதுதானே மாமா?"

"பதினெட்டு விதமா எழுதியிருக்கேன். பதினெட்டும் ஒண்ணா ஞாபகம் வருது. ஒரு பக்கம் அவன் ஆத்துல குதிக்கிறான், ஒரு பக்கம் கல்யாணம் பண்ணிக்கிறான்."

நேற்று வந்தவர்களின் பெயரும் நம்பரும் பதிவேட்டில் இருந்தன. ஆனால் மாமா போனைத் தொடவில்லை. 'நான் எழுதிய கதையைத் திருப்பிக் கொடுங்கள்' என்று யாரிடமாவது கேட்பதற்குப் பதில் அவர் இன்னும் முப்பது வருடம் பாலத்தில் நிற்பார். நான் போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வேறு குரலில் பேசுவது எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான வித்தை. இதற்கு முன்பு அதை வைத்துச் செய்ததெல்லாம் வெளியே சொல்லக்கூடியவை அல்ல.

முதலில் வேர்சிகிச்சை சார். அங்கே யாரையும் பெயரால் சொல்வதில்லை, பல்லால்தான் சொல்வார்கள்.

"வணக்கம் சார். பல் மருத்துவமனையிலேருந்து பேசுறோம். உங்க அட்டையோட பின்பக்கத்தைச் சரிபார்க்கணும். அதுல எழுதியிருக்கிறதை அப்படியே வாசிக்கிறீங்களா?"

பெரிய ஆபீசில் இருக்கிறவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, மீட்டிங்கில் அறிக்கை வாசிக்கும் தோரணையில் ஆரம்பித்தார். "'மழை இரும்புச் சட்டைக்குள் இறங்கியது. அவன் அசையவில்லை. அசைந்தால் முழங்கால் கிறீச்சிடும். கிறீச்சிட்டால் ஆற்று மீன்கள் சிரிக்கும்.'" அட்டையைத் திருப்பும் சத்தம் கேட்டது. "என்னம்மா இது?"

"சரியா இருக்கு சார். நன்றி."

"இரு, இரு. யாரு இவன்? ஏன் மழையில நிக்கிறான்?"

அடுத்து பல்செட்டு அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே திறந்துவிட்டார். "நானே பேசணும்னு இருந்தேன். பல்செட்டு லூசா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கு இப்படியா எழுதிக் குடுப்பீங்க? 'இன்னொரு முறை இந்தப் பக்கம் வந்தால் உன் தலை உன் கழுத்தில் இருக்காது'ன்னு!"

சிரிப்பில் என் வேஷக் குரல் உடைந்துவிட்டது. மாமா பாய்ந்து போனைப் பிடுங்கினார். "அம்மா, அது உங்களைச் சொல்லலைம்மா. அது ஆட்டுக்காரனை."

"எந்த ஆட்டுக்காரன்?"

இருபது நிமிடம் ஆனது. மாமா நான்கு அத்தியாயத்தைப் போனிலேயே சொல்லி முடித்தார். கடைசியில் எதிர்முனையிலிருந்து, "ஏம்ப்பா, அந்த ஆட்டுக்காரன் பாவம். ஒரு தடவை விட்டுடச் சொல்லேன்" என்ற குரல் எனக்கே கேட்டது.

பல்லுக்குக் கம்பி போட்டிருந்த காலேஜ் பெண் அட்டையை அறைக் கதவில் ஒட்டியிருந்தாள். 'அனுமதியின்றி நுழைபவர் யாராயினும் வாளுக்குப் பதில் சொல்ல வேண்டும்' என்ற வரி அவளுடைய தம்பிக்காகவே எழுதினது போல இருந்ததாம். ஒருவர் ஆடுகிற சாப்பாட்டு மேஜைக்கு அட்டையை முட்டுக் கொடுத்திருந்தார். வீட்டில் எல்லோரும் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு வாசித்தார். மாமா ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டே போனார். நடுவில் ஒரு நோயாளி உள்ளே வந்தபோது தலையைத் தூக்காமல், "உட்காருங்க, கடக்க விடுவாங்க" என்றார்.

சாயங்காலத்துக்குள் பதினொன்று வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். கடைசி அட்டை. வீரன் பாலத்தைவிட்டு எப்படிப் போகிறான் என்பது அதில்தான் இருக்கிறது. அது ஓட்டைப்பல்லிடம் மாட்டிக்கொண்டிருந்தது. முன்பல் இரண்டும் விழுந்த, ஒன்பது வயதுப் பெண். அவளுடைய அம்மா போனில் சலித்துக்கொண்டார். "அதை எனக்கே காட்ட மாட்டேங்கிறா. வாசிச்சும் சொல்ல மாட்டேங்கிறா. நாளைக்கு நான் கடையை மூடிட்டு மூணு மணிக்கு வந்துடுவேன். நீங்களே நேர்ல வந்து கேளுங்க."

சனிக்கிழமை மாமா ஒன்றரைக்கே ஓட்டைப்பல்லின் வீட்டுக்குப் போய்விட்டார். நானும்தான், பக்கத்துக் கடையில் வாங்கிய பன்னோடு. மூன்றாவது மாடி. குறுகின படி, வளைவில் இரண்டு சைக்கிள், கைப்பிடியில் காயும் துண்டு. மணி அடித்ததும் கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. ஓர் அங்குலச் சந்தில் ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன.

"யாரு?"

"நான்தாம்மா. பல் ஆஸ்பத்திரி மாமா."

கண் மேலே கீழே போனது. "அவரு உக்காந்துதான் இருப்பாரு. நீங்க நிக்கிறீங்க."

"நாங்களும் எப்பவாவது எந்திரிப்போம். அட்டையைக் கொஞ்சம் குடுக்கிறியா?"

"அம்மா வர்ற வரைக்கும் யாருக்கும் கதவைத் திறக்கக் கூடாது."

"கதவைத் திறக்க வேணாம். சந்து வழியா நீட்டினா போதும்."

"அப்புறம் கையைப் பிடிச்சுக்குவீங்க."

நான் பின்னாலிருந்து, "மாமா, உங்க வீரன் இங்க இருக்கான். வேலையை விட்டுட்டு வந்து இங்க நிக்கிறான்" என்றேன். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் ஒன்றரை நாள்தான் இருந்தது. "சரி, நீயே வாசியேன், நான் எழுதிக்கிறேன்" என்று கெஞ்சினார்.

ஓட்டைப்பல் யோசித்தாள். "இவன் எதுக்கு அங்க நிக்கிறான்னு முதல்ல சொல்லுங்க."

மாமா படியில் உட்கார்ந்தார். அந்தச் சந்தைப் பார்த்து முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தார். எறும்பு வந்தபோது கண் சுருங்கியது. ஒண்ணுக்குப் போகும் அத்தியாயத்தில் கதவே குலுங்கியது. பதினொன்றாவது அட்டை முடிந்ததும் அவள் உள்ளே ஓடி, அட்டையோடு திரும்பி வந்தாள். பல் இல்லாததால் ஒவ்வொரு வரியும் காற்றோடு சேர்ந்து வந்தது.

"'தூதன் குதிரையைவிட்டு இறங்கினான். அரசர் இறந்துவிட்டார் என்றான். வீரன் வாளைக் கீழே வைத்தான். முப்பது வருடம் கழித்து அவன் உட்கார்ந்தான். பிறகு எழுந்து, பாலத்தைக் கடந்து, தன் வீட்டுக்குப் போனான்.'"

மாமா கண்ணை மூடிக்கொண்டார். "அதுதான். அதேதான்" என்று எழுத ஆரம்பித்தார்.

"ஆனா இது தப்பு" என்றாள் ஓட்டைப்பல்.

பேனா நின்றது.

"என்ன தப்பு?"

"செத்துட்டார்னு எவனோ வந்து சொன்னா விட்டுடுவாங்களா? திருடன்னா அதைத்தான் முதல்ல சொல்லுவான். இப்போ நீங்க, 'உங்க அம்மா இனிமே வர மாட்டாங்க, கதவைத் திற'ன்னு சொன்னா நான் திறந்துடுவேனா?"

நான் மாமாவைப் பார்த்தேன். பதினெட்டு விதமாக எழுதின மனுஷன், ஆறடி இரண்டு அங்குலமும் படியில் மடங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். 'சின்னப் பிள்ளை ஏதோ உளறுது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அட்டை கிடைத்துவிட்டது, எழுந்து போய்விட்டிருக்கலாம். "அவ சொல்றது சரிதான்" என்றார் என்னிடம், மெதுவாக. "முப்பது வருஷம் ஆட்டுக்காரனோட ஒரு பொய்யைக்கூட நம்பாதவன், வழியில வந்தவன் பேச்சை எப்படி நம்புவான்? நான் சீக்கிரம் முடிக்கணும்னு அவனை முட்டாளாக்கிட்டேன்."

"ஆஸ்பத்திரியில எல்லாப் பிள்ளைங்களும் டிக் குடுத்துச்சே மாமா."

"அதுங்களுக்குப் பல்வலி."

நான் வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் ஏதாவது நக்கல் அடிப்பேன். அன்றைக்குக் கையிலிருந்த காகிதப் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. சந்தைப் பார்த்துத் திரும்பினார்.

"சரி, உங்க அம்மா வந்தா உனக்கு எப்படித் தெரியும்? இந்தச் சந்துல முகம் சரியாத் தெரியாதே."

"செருப்புச் சத்தம் தெரியும். ரெண்டாவது மாடியில நின்னு மூச்சு வாங்குவாங்க. அப்புறம் என்னைத் திட்டிக்கிட்டே வருவாங்க."

"முப்பது வருஷம் வராம இருந்து, அதுக்கப்புறம் வந்தாங்கன்னா?"

"முப்பது வருஷமா!" கண் உருண்டது. "செருப்பு மாறிப் போயிருக்குமே. சத்தமும் மறந்து போயிருக்கும்."

"அப்போ என்ன செய்வே?"

சங்கிலியை விரலால் ஆட்டிக்கொண்டே சொன்னாள்: "வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் 'நீங்கதான் அம்மாவா'ன்னு கேப்பேன்."

மாமா என் கையிலிருந்த பன் பையைப் பிடுங்கினார். மீதிப் பன்களை என் மேல் கொட்டிவிட்டு, பையை நீளவாக்கில் கிழித்து முழங்காலில் விரித்து எழுத ஆரம்பித்தார். நடுவில் ஒரு கிழவர் காய்கறிக் கூடையோடு ஏறினார், மாமா காலை மட்டும் மடக்கினார். இரண்டு பையன்கள் சைக்கிளை எடுக்க வந்தார்கள், அப்போதும் கால்தான் மடங்கியது. மூன்று மணிக்குக் கீழே செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டாவது மாடியில் நின்றது. பிறகு, "கதவைச் சாத்தி வைடின்னா வாயாடிக்கிட்டு நிக்கிறியா?" என்ற குரல் வந்தது. சங்கிலி கழன்றது. அந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, உள்ள வாங்க, படியில உக்காந்துக்கிட்டு" என்றார்.

"ஒரு நிமிஷம்மா" என்றார் மாமா. அந்த ஒரு நிமிடம் நாற்பது நிமிடம் ஓடியது. நான் உள்ளே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். ஓட்டைப்பல் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மாமா வாசித்தார். முப்பதாவது வருடத்தில் ஒரு காலை வீரன் கண்விழித்துப் பார்க்கிறான். அரசன் முகம் மறந்துவிட்டது. தாடி உண்டா, மூக்கு வளைந்திருக்குமா, ஒன்றும் ஞாபகமில்லை. பயந்துபோகிறான். அரசனே வந்து நின்றாலும் துரத்திவிடுவானே! அன்றிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் குனிந்து, "நீங்கள்தான் என் அரசரா?" என்று கேட்கிறான். நேர்மையான ஜனங்கள் "இல்லை" என்று சொல்லித் திரும்பிப் போகிறார்கள். ஆட்டுக்காரன்கூட, இத்தனை பொய் சொன்னவன், இந்த ஒரு பொய்யைச் சொல்லக் கூசிப்போய்த் திரும்புகிறான். ஒருநாள் ஒரு முட்டைக்காரி வருகிறாள். தலையில் கூடை, காலில் கொப்புளம், அக்கரையில் சந்தை. "நீங்கள்தான் என் அரசரா?" அவள் அவனை ஏற இறங்கப் பார்க்கிறாள். துருப்பிடித்த முழங்காலைப் பார்க்கிறாள்.

"ஆமாம், நான்தான்" என்கிறாள். "நன்றாகக் காவல் காத்தாய். வழிவிடு."

வீரன் முழங்காலிடுகிறான். அந்தக் கிறீச் சத்தம் இரண்டு கரைக்கும் கேட்கிறது. அடுத்த நாள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. துணி துவைக்கிறவள் வருகிறாள், நான்தான் அரசன் என்கிறாள். தச்சன் வருகிறான். ஆட்டுக்காரன் ஆடுகளோடு வருகிறான். ஒவ்வொருவருக்கும் வீரன் முழங்காலிடுகிறான். 'அதன் பிறகு அந்தப் பாலத்தை ஒரு நாளைக்கு நாற்பது அரசர்கள் கடந்தார்கள்.'

ஓட்டைப்பல்லின் அம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். கடைப் பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

"அவ ராஜா இல்லைன்னு அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் ஓட்டைப்பல்.

"நீ என்ன நினைக்கிறே?"

"தெரியும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டாரு." பிறகு பழைய அட்டையை நீட்டினாள். மாமா வாங்கி, முன்பக்கத்தைப் பார்த்து, "இது உன்னோட பல்லுக்கான தேதி. செவ்வாய்க்கிழமை நாலரை. இதை வச்சுக்கோ" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாமா கம்ப்யூட்டரில் ஏற்றினார். அம்மா மாவு கையோடு பின்னால் வந்து நின்று கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். நான் ஒரு கிண்டலுக்காகக் காத்திருந்தேன். அவள் அதை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். அப்புறம், "முட்டை உடையாம சந்தைக்குப் போய்ச் சேந்துச்சாடா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எடிட்டர் மேடம் அறை. மேஜை முழுக்கத் தாள், ஜன்னல் முழுக்கப் புத்தகம், உட்கார ஒரே நாற்காலி. மாமா என்னை உட்காரச் சொல்லிவிட்டு நின்றார். நான் எழுந்து அவரைத் தள்ளி உட்காரவைத்தேன். நாற்காலி முனகியது. எடிட்டர் மேடம் தலையைத் தூக்காமல் வாசித்தார். முட்டைக்காரி இடத்தில் மேடத்தின் வாய்க்கோடி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். கண்ணாடியில் அவ்வளவு அழுக்கு இல்லை.

"ராஜாவோட படத்தைத்தான் அட்டையில போடலாம்னு இருந்தேன்" என்றார். "இப்போ முட்டைக்காரியைப் போடணும். கூடையோட."

"அப்போ... காய்கறி?" என்றார் மாமா.

"காய்கறி அடுத்த வருஷம் பேசட்டும். உங்க புத்தகம் வர எட்டு மாசம் ஆகும். பொறுத்துக்குவீங்கல்ல?"

மாமா தலையை ஆட்டினார். வெளியே வந்து பஸ் ஏறும்வரை ஆட்டிக்கொண்டேதான் இருந்தார். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே இருந்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

இரண்டு மணிக்கு வேலையில் இருக்க வேண்டும். மாமா மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்வதற்குள் ஒருவர் உள்ளே நுழைந்தார். ஒரு பக்கக் கன்னம் பலூன் மாதிரி வீங்கியிருந்தது.

"சார், ரொம்ப வலிக்குது. எவ்வளவு நேரம் ஆகும்?"

மாமா அவரைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார்.

"எட்டு மாசம்னு சொல்லியிருக்காங்க சார்."